ஜாவானியர் மிகப் பெரிய இனமாக இருந்தும் இந்தோனேசியா ஏன் மலாயைத் தேசிய மொழியாகத் தேர்ந்தது? எதிர்ப்பு வரவில்லையா?

பெரிய எதிர்ப்பு வரவில்லை. காரணம் ஜாவானிய மொழிக்குள்ளேயே இருக்கிறது. அதில் கேட்பவரின் தகுதி பார்த்துத்தான் பேச வேண்டும். 'சாப்பிடு' என்பதற்கு நெருங்கியவரிடம் 'மங்கான்', சற்றுப் பணிவாக 'நெதா', பெரியவரைப் பற்றி 'தஹார்'. நம் நீ, நீங்கள் போல அழைக்கும் சொல்லோடு மட்டும் இது நிற்பதில்லை. அன்றாடச் சொற்களே மாறுகின்றன. சமத்துவம் பேசிய தேசியவாதிகளுக்கு இது ஒத்துவரவில்லை.

மலாயோ துறைமுகங்களின் சந்தைமொழி. தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறுபான்மையினர் என்பதால் எந்தப் பெரிய இனத்துக்கும் அது தனிச்சலுகை தரவில்லை. (அதன் 'கபால்', 'கெடாய்' நம் கப்பலும் கடையும்தான்.) 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாடு அதற்கு 'இந்தோனேசிய மொழி' என்று பெயரிட்டு உறுதிமொழி எடுத்தது. 1942-இல் வந்த ஜப்பானியர், அதுவரை ஆண்ட டச்சுக்காரர்களின் மொழியைத் தடைசெய்ததும் அலுவலகம், பள்ளி எல்லாவற்றுக்கும் மலாய் தேவைப்பட்டது. 1945 அரசியலமைப்பின் 36-ஆம் பிரிவு அதை அரசுமொழியாக்கியது. வட்டார மொழிகள் வீட்டிலும் தொடக்க வகுப்புகளிலும் நீடித்ததால் மக்களுக்கு இழப்புணர்வு குறைவு. அந்த இழப்பு இப்போதுதான் தெரிகிறது: நகரத்துப் பிள்ளைகள் பலருக்குப் பணிவு ஜாவானியம் வருவதில்லை.

ஆனால் யார் கொண்டுவருகிறார்கள் என்பதும் முக்கியம். இந்தோனேசியா ஆக்கிரமித்திருந்த கிழக்குத் திமோரில் இதே மொழி ஆக்கிரமிப்பின் மொழி. 2002-இல் விடுதலை பெற்றபோது அந்நாடு உள்ளூர் மொழியான தெத்துமையும் பழைய காலனி மொழியான போர்த்துகீசையும் ஆட்சிமொழிகளாக்கியது. இந்தோனேசிய மொழியில் படித்து வளர்ந்த இளைஞர்கள்தான் முணுமுணுத்தார்கள்.