பக்கம் பூட்டியிருக்கிறது, பிடிஎஃப் மட்டும் எப்படி வெளியே போகிறது?

கேள்வி: குடியாத்தத்தில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாதிரி வினாத்தாள், விடைக்குறிப்பு எல்லாவற்றையும் வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) தளத்தில் ஏற்றி, மெம்பர்ஷிப் ப்ளக்இன் (சந்தாதாரரைச் சரிபார்க்கும் கூடுதல் நிரல்) போட்டு, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று வைத்தேன். லாகின் செய்யாமல் திறந்தால் பூட்டுச் செய்திதான் வருகிறது. ஆனாலும் பேரணாம்பட்டில் சந்தாவே கட்டாத பையன் விடைக்குறிப்பை வைத்திருக்கிறான். பூட்டுச் செய்தியைத் தமிழில் மாற்றியிருந்தேன். அப்டேட் கொடுத்ததும் அதுவும் காணாமல் போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: உங்கள் ப்ளக்இன் கெட்டுப்போகவில்லை சார். அது காவல் காப்பது பக்கத்தை மட்டும்தான், கோப்பை அல்ல. நம் பக்கத்து வீடுகளில் மாடிப்படியை வெளியே தெருவை ஒட்டியே கட்டியிருப்பார்கள் இல்லையா? கீழே வாசலில் வருகைப் பதிவேட்டோடு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வகுப்பு நடப்பது மாடியில். படி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் உங்களைப் பார்க்காமலே ஏறிவிடுகிறான்.

ஒருவர் பக்கத்தைக் கேட்டால் வேர்ட்பிரஸ் ஓடும். ப்ளக்இன் 'இவர் சந்தாதாரரா' என்று பார்க்கும். பிடிஎஃப் கோப்பை நேராகக் கேட்டால், தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியான சர்வரே அதை எடுத்துக் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதை நீங்களே சோதிக்கலாம். லாகின் செய்து, விடைக்குறிப்பு லிங்க்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்து முகவரியைக் காப்பி எடுங்கள். டபிள்யூபி-கன்டென்ட், அப்லோட்ஸ், அடுத்து ஆண்டு, மாதம், கடைசியில் கோப்பின் பெயர் என்று இருக்கும். அதை இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் லாகின் செல்லாத தனி ஜன்னல்) ஒட்டுங்கள். கோப்பு திறந்தால் ஓட்டை அங்கேதான். 'மாடல்-3' என்று பெயர் வைத்திருந்தால், 3-ஐ 4 ஆக்கிப் பார்க்க பிளஸ் டூ பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் இந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள், அழகுபடுத்துவதெல்லாம் பிறகு. சந்தாக் கோப்புகளுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, நேரடியாகக் கேட்கும் எவருக்கும் கொடுக்காதே என்று சர்வரிடம் சொல்ல வேண்டும். அப்பாச்சி, லைட்ஸ்பீட் சர்வர்களில் அந்த ஃபோல்டருக்குள் எச்டிஆக்சஸ் என்ற கட்டளைக் கோப்பில் அதை எழுதி வைத்தால் போதும். என்ஜின்எக்ஸ் வகை சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. அங்கே சர்வர் அமைப்பிலேயே எழுத வேண்டும். உங்களுடையது எது என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். இதைவிட நல்லது, கோப்புகளை, இணையத்திலிருந்து எட்டக்கூடிய பொது ஃபோல்டருக்கு வெளியிலேயே வைத்துவிடுவது. பிறகு சந்தாவைச் சரிபார்த்து, கோப்பைப் படித்து அனுப்பும் சிறிய நிரல் ஒன்று வேண்டும். சில ப்ளக்இன்களில் 'பாதுகாக்கப்பட்ட டவுன்லோடு' என்று இந்த வசதி சேர்ந்தே வரும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிரல் எழுதவே வேண்டாம்.

ஏற்கெனவே வெளியே போன முகவரிகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய கோப்புகளை அழித்துவிட்டுப் புதிய பெயரில் ஏற்றுங்கள். கூகுள் தேடலில் வந்திருந்தால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் நீக்கக் கேட்கலாம். அது தற்காலிக மறைப்புதான், சுமார் ஆறு மாதம். அதனால் பழைய கோப்பை அழிப்பது கட்டாயம்.

கிளவுட்ஃப்ளேர் (தளத்துக்கு முன்னால் நின்று, கோப்புகளின் பிரதியைச் சேமித்துக் கொடுக்கும் சேவை) போட்டிருக்கிறீர்களா? அது வழக்கமாகப் பக்கங்களைச் சேமித்து வைக்காது; ஆனால் பிடிஎஃப் கோப்புகளைச் சேமிக்கும். ஆற்காட்டில் ஒரு பயிற்சி மையத்துக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தபோது, எல்லாம் பூட்டிய பிறகும் கோப்பு திறந்துகொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் என் நிரலிலேயே தப்புத் தேடினேன். கொடுத்தது கிளவுட்ஃப்ளேரின் சேமிப்பு! அதைக் காலி செய்தபின்தான் சரியானது. தளத்தில் கேஷ் ப்ளக்இன் (பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைப்பது) இருந்தாலும், லாகின் செய்தவர்களுக்கான பக்கத்தைச் சேமிக்காதபடி வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தமிழ்ச் செய்தி. ப்ளக்இன்னின் சொந்தக் கோப்புக்குள் போய்த் திருத்தியிருப்பீர்கள். அப்டேட் வரும்போது அந்த ஃபோல்டரே புதிதாக மாற்றப்படும், உங்கள் வரிகளும் அதோடு போகும். பெரும்பாலான மெம்பர்ஷிப் ப்ளக்இன்களில் பூட்டுச் செய்திக்கு அமைப்புகளிலேயே பெட்டி இருக்கும், அங்கே எழுதுங்கள். அங்கே இல்லாத சொற்களுக்கு, மொழிபெயர்ப்புக்கான லோகோ டிரான்ஸ்லேட் ப்ளக்இன்னில் கஸ்டம் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அப்டேட் தொடாது. பத்தாம் வகுப்புப் பக்கத்தில் ஒரு கட்டணம், பிளஸ் டூ பக்கத்தில் வேறு கட்டணம் என்று செய்தி மாற வேண்டுமானால், ப்ளக்இன் தரும் ஹுக்கை (நம் நிரலை இணைக்க அது விட்டிருக்கும் இடம்) பயன்படுத்தி உங்களுக்கென்று ஒரு குட்டி ப்ளக்இன் எழுதச் சொல்லுங்கள். தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுத வேண்டாம். தீமை மாற்றும் நாளில் மறுபடி இதே கதைதான். இரண்டு வகுப்புக்கும் தனித்தனி மெம்பர்ஷிப் லெவல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எந்தப் பூட்டாலும் முடியாது. சந்தா கட்டிய பிள்ளையே இறக்கி நண்பனுக்கு அனுப்பினால் தடுக்க வழியில்லை. வலது கிளிக்கை முடக்கும் ப்ளக்இன்னுக்குத் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். மொபைலில் அதற்கு ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதில், கோப்பை எடுத்து அனுப்பும் அந்த நிரலிலேயே, இறக்குபவரின் பெயரும் பதிவு எண்ணும் ஒவ்வொரு தாளின் அடியிலும் விழும்படி செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை பேரணாம்பட்டில் ஒரு பிரதி கிடைத்தால், அது யாருக்குக் கொடுத்த பிரதி என்பது தாளிலேயே இருக்கும்.