கழுத்தடைப்பும் பைபாஸும் ஒரே மேசையிலா? கேள்வி பதில்

இதய சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தே தலை நரைத்தவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். கேளுங்கள். ஸ்கேன் துண்டைப் படம் பிடித்து அனுப்பாமல் ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்.

தலவாக்கலை: டொக்டர், அப்பாவுக்கு 68 வயது. இதய பைபாஸுக்குக் கண்டியில் திகதி கிடைத்திருக்கிறது. கழுத்தில் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடப்பக்கக் குழாய் 80 வீதம் அடைப்பாம். இரண்டையும் ஒன்றாகச் செய்வது ஆபத்தா?

மகள், வீதம் கிடக்கட்டும். அந்த அடைப்பு இதுவரை வாய் திறந்திருக்கிறதா? கடந்த ஆறு மாதத்தில் வலது கை கால் சோர்ந்ததா, பேச்சுக் குழறியதா, இடது கண்ணில் திரை விழுந்ததா? ஆம் என்றால் கழுத்தையும் பார்க்கத்தான் வேண்டும். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி காட்டிய கடும் அடைப்புக்காரர்களில் மாத்திரையோடு விட்டவர்களில் 26 வீதமானோருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தால் பாரிசவாதம் வந்தது. கழுத்தைத் திறந்து சுத்தம் செய்தவர்களில் 9 வீதம்.

இல்லை என்றால் நான் அவசரப்பட மாட்டேன். பைபாஸின்போது வரும் பாரிசவாதத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் கழுத்தில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியில் படிந்த சுண்ணாம்பு, கிடுக்கி போடும்போது உதிர்ந்து மூளைக்குப் போகும். கழுத்தைச் சுத்தம் செய்து அதை நிறுத்த முடியாது. இரண்டு பக்கமும் கடுமையாக அடைத்திருந்தால் கணக்கு வேறு. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அட்டன்: அம்மாவுக்கு 40 வீதம். வெட்ட வேண்டுமா?

வேண்டாம். கிளினிக் கொப்பியில் உள்ள மாத்திரை போதும்.

பதுளை: கழுத்துக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டு பைபாஸ் செய்யலாமா?

ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் சில வாரம் எடுக்க வேண்டும். அந்த இரத்தத்தோடு நெஞ்சைத் திறந்தால் கசிவு லேசில் நிற்காது. இதயம் அத்தனை வாரம் பொறுக்குமா?

பண்டாரவளை: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமாவுக்கு வெளிநாட்டில் இரண்டையும் ஒரே நாளில் செய்தார்கள், நடந்து வீட்டுக்கு வந்தார். தோட்டத்து ஆட்களுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. ஒரே மயக்கம், ஒரே செலவு. இதில் என்ன பிழை?

நானும் தோட்ட லயத்தில் வளர்ந்தவன், பேர் போகும் வலி தெரியும். ஆனால் 2017இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். அறிகுறியில்லாத 129 பேர். ஒன்றாகச் செய்தவர்களில் 30 நாளுக்குள் பாரிசவாதமோ மரணமோ 18.5 வீதம், பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7. ஆள் சேராமல் இடையில் நிறுத்திய ஆய்வு, வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் பக்கம் மாமா ஒருவர்தானே இருக்கிறார்!

கம்பளை: அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தனித்தனியாகச் செய்தால் நடுவில் மாரடைப்பு வராதா?

வரலாம். கழுத்து முதலில் என்றால் மாரடைப்புப் பயம், இதயம் முதலில் என்றால் பாரிசவாதப் பயம். அறிகுறியும் இருந்து நெஞ்சுவலியும் அடங்காதவர்களுக்கு ஒன்றாகச் செய்தபோது நானே கூட நின்றிருக்கிறேன்: முதலில் கழுத்து, பிறகு நெஞ்சு. வாய் திறக்காத கழுத்தைத் தொடுவதுதான் எனக்குப் பிடிக்காது.

பண்டாரவளை: மாமாவுக்கு முன்பு ஒரு தடவை வாய் கோணி, கை இழுத்ததாம்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் மிச்சம்.

ஹப்புத்தளை: 75 வீதம், அறிகுறியில்லை. ஒன்றாகச் செய்யலாமா?

மேலே தலவாக்கலைக்கு எழுதியிருக்கிறேன்.

நாவலப்பிட்டி: எனக்கு 70 வீதம்...

மேலே. அப்புறம், ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள்.

நுவரெலியா: பூண்டுக் கஷாயம் அடைப்பைக் கரைக்குமா?

பூண்டைக் கறிக்குப் போடுங்கள்.

தலவாக்கலை: டொக்டர், அம்மாவிடம் கேட்டேன். போன திங்கள் அப்பாவின் வலது கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவியதாம். பத்து நிமிஷம் பேச்சும் வரவில்லையாம். பிறகு சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. பைபாஸுக்குப் போகும்போது சொன்னால் போதுமா?

போதாது. இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கொப்பியையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு, கோப்பை நழுவிய கதையை வாசலிலேயே சொல்லுங்கள். இப்படி வந்தவருக்குக் கழுத்தைச் செய்வதென்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வதுதான் நல்லது, அதில் எத்தனை நாள் போய்விட்டது என்று எண்ணிப் பாருங்கள். மறுபடி கை சோர்ந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். மற்றவர்களுக்கு நாளைக்குப் பதில் எழுதுகிறேன். மகள், புறப்பட்டதும் ஒரு வரி போடுங்கள்.