அம்மாவுக்கு விட்டமின் டி ஒரு லேபில் 16, இன்னொரு லேபில் 23. யார் ஏமாற்றுகிறார்கள்?

கும்பகோணத்தில் எடுத்தது 16, அடுத்த வாரம் தஞ்சாவூரில் எடுத்தது 23, அம்மா நடவு வேலைக்குப் போகிறவர், வெயிலில் நிற்பவருக்கு எப்படிக் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக நடவில் குனிந்து நிற்பவரின் தோலில் படும் வெயில் குறைவுதான். ஆனால் ‘ஏமாற்று’ என்ற சொல் உறுத்துகிறது. இரண்டு லேபும் ஒழுங்காக வேலை செய்தும் இப்படி வரலாம். லேபுகளுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கிளம்ப வேண்டாம், தப்பு நடக்கும் இடங்களையும் சொல்கிறேன்.

அளப்பது 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி. ரத்தத்தில் இது ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டே திரியும். முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும், ஒவ்வொரு கம்பெனியின் கிட்டும் (டெஸ்டுக்கான மருந்துத் தொகுப்பு) ஒவ்வொரு விதமாகப் பிரிக்கும். கர்ப்பிணிகளுக்கு அந்தப் புரதம் கூடுவதால் சில கிட்டுகள் குறைத்துக் காட்டும். பிரிந்த பிறகு, டவுன் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது மாதிரி, உங்கள் ரத்தத்து டியும் கிட்டில் உள்ள அடையாளமிட்ட டியும் டியைப் பிடித்துக்கொள்ளும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டி போடும். ரத்தத்தில் டி குறைந்தால், அடையாளமிட்ட டிக்கு அதிக இடம் கிடைத்து, மெஷின் பார்க்கும் சிக்னல் கூடும்.

இதில்தான் ஒரு வினை. ரத்தம் எடுத்த குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, நன்றாக உறைந்த பிறகே சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். சாம்பிள் ஏற்றும் பஸ் கிளம்புகிறதே என்று பத்து நிமிடத்தில் சுற்றினால் சீரத்தில் (மேலே பிரிந்து நிற்கும் நீரில்) ஃபைப்ரின் என்ற உறைபுரத நூல் மிதக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்த நூல் மெஷினின் ஊசியில் மாட்டினால் சீரம் குறைவாக உறிஞ்சப்படும், மெஷின் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் டியும் குறைவாகவே வரும். மற்றபடி கறுப்புத் தாள் சுற்றவில்லை, ஐஸ் பெட்டி இல்லை என்று பயப்பட வேண்டாம். சீரத்தில் விட்டமின் டி ஒரு நாளில் கெடுகிற பொருள் அல்ல.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? பயோட்டின் பிணைப்பில் வேலை செய்யும் கிட்டில் டி பொய்யாக ஏறும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. நடுவில் 60,000 யூனிட் விட்டமின் டி சாஷே குடித்திருந்தால் நிஜமாகவே ஏறியிருக்கும்.

சின்ன ஊர் லேபின் கஷ்டம் வேறு. வாரத்துக்கு நாலைந்து டி டெஸ்ட்தான் வரும், பிரித்த 100 டெஸ்ட் கிட் மெஷினுக்குள்ளேயே கிடக்கும். குறித்த நாள் தாண்டியும் அதையே ஓட்டினாலோ, கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியும் புதிதாகக் கேலிப்ரேஷன் (அளவைச் சரிசெய்வது) போடாவிட்டாலோ எண் நகரும். தினமும் இரண்டு லெவல் கியூசி (அளவு முன்பே தெரிந்த சாம்பிளை ஓட்டிச் சரிபார்ப்பது) போட்டால் தெரிந்துவிடும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள், திட்டு வாங்குவது மட்டும் டெக்னீஷியன்.

ஆன்டிபாடி இல்லாமல், பொருள்களைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் முறைதான் உசத்தி. அது விட்டமின் டியின் இரு வகைகளான டி2, டி3 இரண்டையும் தனித்தனியாகத் தரும், கூட்டித்தான் பார்க்க வேண்டும். டி2 வரியில் ‘4க்குக் கீழ்’ என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. இந்த முறையும் குறையில்லாதது அல்ல: கைக்குழந்தைகளின் ரத்தத்தில் எபிமர் என்ற இரட்டை வடிவம் அதிகம், மெஷினின் பிரிக்கும் குழாய் (column) அதைப் பிரிக்காவிட்டால் கூட்டிக் காட்டும்.

ஒரே மெஷினிலும் ஆட்டம் உண்டு. ஏற்ற இறக்கம் 10 சதவீதம் என்று வைத்தால், இரண்டு ரிப்போர்ட்டுக்கு நடுவே சுமார் 28 சதவீதம் மாறினால்தான் நிஜ மாற்றம் என்று நம்பலாம். 18 இருந்தது 22 ஆனால் ‘குணமாகிவிட்டது’ என்று சொல்ல முடியாது. உங்கள் கணக்கிலோ மெஷினே வேறாக இருக்கலாம்.

இன்னொரு ஆதங்கம். 30க்குக் கீழே எல்லாம் குறைவு என்று 2011இல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி சொன்னது, 2024இல் அவர்களே அந்த எல்லையைக் கைவிட்டார்கள். லேபுகளோ 30ஐயே அச்சடித்து, பேக்கேஜில் சேர்த்து, நல்லா இருக்கிறவரையும் நோயாளியாக்குகிறார்கள்.

இரண்டு ரிப்போர்ட்டிலும் முறையின் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அலகையும் பாருங்கள்: நானோமோலில் இருந்தால் 2.5ஆல் வகுத்தால் நானோகிராம். டாக்டர் மருந்து கொடுத்தால் மூன்று மாதம் கழித்து, இரண்டில் ஒரு லேபை முடிவு செய்து அங்கேயே எடுங்கள். ‘1,25’ என்று சீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது விட்டமின் டியின் வேறொரு வடிவம், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்குப் பார்ப்பது, டி குறைந்தவர்களுக்கும் நார்மலாகவே வரலாம்.