ஒரே ஐந்து புத்தகங்களை வருடாவருடம் திரும்ப வாசிப்பதில் யூதர்களுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வியைப் பார்த்தால், சபையில் ஒரே வசனங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர் போலத் தெரிகிறீர்கள். நான் யூதனில்லை, இறையியல் படித்தவனும் இல்லை. ஹைஃபாவில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். சனிக்கிழமை காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜெப ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அங்கே பார்த்ததைத்தான் சொல்கிறேன். இஸ்ரேல் என்றதும் அரசியலோடு வருகிறவர்கள் வேறு பதிலுக்குப் போய்விடுங்கள்.

மோசேயின் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள். தோல்சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, ராகக்குறியும் கிடையாது. வாசிப்பவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிவர வேண்டும். வெள்ளிக் கோலை வரியில் ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு சொல் பிசகினால் போதும், கூட்டத்திலிருந்து நாலைந்து குரல் கிளம்பும். அவரும் திரும்ப வாசிப்பார். பிடிக்காத வசனத்தைத் தாண்டிப் போகிற வழியே இல்லை. கிடைப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் 'கி தேட்சே' என்ற பகுதி வரும். ஐந்தில் கடைசிப் புத்தகமான உபாகமத்தில் 21:10 தொடங்கி 25ஆம் அதிகாரம் முடிய. 74 கட்டளைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்வதும் இதில்தான். (சண்டைக்கு வருமுன் கேளுங்கள்: அப்படி ஒன்று நடந்ததும் இல்லை, நடக்கப்போவதும் இல்லை என்ற கருத்து யூத ரபீக்களின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது.)

இதே பகுதியில் 24:15, கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. என் தமிழ் பைபிளில் நான் அந்த இடத்தில் இருந்தபோது, பெரியவர் தன் புத்தகத்தில் ராஷியின் உரையைத் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். ராஷி 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்தவர். அந்தக் கூலிக்காகத்தானே அவன் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறான், மரத்தில் தொங்குகிறான் என்று எழுதியிருக்கிறார்.

என் அப்பா பனையேறி. உடன்குடிப் பக்கம். மரத்தை அணைத்து அணைத்து அவர் நெஞ்சு காய்ப்புக் காய்த்திருக்கும். கருப்பட்டி எடுக்கிற வியாபாரி ஒருநாளும் சொன்ன தேதியில் காசு தந்ததில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "கயிறு கட்டிக்கொள்வாரா?" என்று கேட்டார். காலில் தளைநார் மட்டும்தான் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தைப் பின்னால் புரட்டி 22:8இல் விரலை வைத்தார். யாரும் விழுந்து சாகாதபடி வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்லும் வசனம்.

அப்புறம் ஒன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் வருமானத்தில் பத்திலொன்றைச் சபைக்குக் கொடுக்கச் சொல்லும் தசமபாகப் பிரசங்கம் வருடத்துக்குப் பலமுறை நடக்கும். கூலி வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் இதுவரை நான் கேட்டதில்லை. சபை நடத்தும் பள்ளியில்தான் என் மனைவி டீச்சர். சம்பளம் எப்போது என்று கேட்டால், "ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள், சிஸ்டர்" என்கிறார்கள்.