இதயம் வலப்பக்கம், நுண்ணோக்கியில் எல்லாம் சரி: அப்புறம் என்ன நோய்?

சகோதரி, மகனுக்குப் பிறந்ததிலிருந்து சளி இருமல், இதயம் வலப்பக்கம். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சிலியா (சளியை நகர்த்தும் நுண்மயிர்கள்) சரியாக இருப்பதாக வந்துவிட்டதால், அவை சரியாக அசையாத பிறவி நோயான 'பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா' இல்லைதானே என்று கேட்டிருந்தீர்கள். அப்படி முடிவு செய்துவிடாதீர்கள், தயவுசெய்து.

மூச்சுக்குழாயின் இந்த நுண்மயிர்கள் டைனீன் என்ற புரதக் 'கைகளால்' அசைகின்றன. டிஎன்ஏஎச்5 மரபணு கெட்டால் வெளிக்கைகளே இருக்காது, நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். டிஎன்ஏஎச்11 கெட்டால் கைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மயிர்கள் மட்டும் வளையாமல் விறைப்பாகத் துடிக்கும், சளி நகராது. படத்தில் குறை தெரியாது. இதயம் இடம் மாறியிருப்பதும் இதோடு பொருந்துகிறது; இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் மாறியிருக்கும்.

ஆகவே மரபணுப் பரிசோதனை கேளுங்கள். 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரியவந்துள்ளன, அவர்கள் சோதிக்கும் பட்டியலில் டிஎன்ஏஎச்11 உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமானால் மயிர்த் துடிப்பை அதிவேக வீடியோவில் பார்க்கும் சோதனையும்.

"எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லையே" என்றீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆளுக்கு அந்த மரபணுவின் ஒரு பழுதான பிரதியோடு நலமாகவே இருப்பீர்கள். இரண்டும் சேர்ந்த பிள்ளைக்குத்தான் நோய். அப்படியென்றால் அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு 25 சதவீதம். உங்கள் தவறு எதுவுமில்லை. முடிவு வரும்வரை சளியை வெளியேற்றும் பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள்.