சந்தைக் காயும் வேகாத பருப்பும்

கேள்வி: அக்கா, கணவருக்கு வேலை மாற்றலாகி மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. உழவர் சந்தைக் காயைப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது, பை நிறைய வாங்கி வந்துவிடுகிறேன். ஆனால் சாம்பார் வைத்தால் பருப்பு நறுக்கு நறுக்கென்று நிற்கிறது, காய் மட்டும் குழைந்து போகிறது. ஊரில் வந்த ருசி இங்கே வரவே இல்லை. என்ன செய்வது?
வாசகி, ஊட்டி

பதில்: உங்கள் கைப்பக்குவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள். நானும் கீழேயிருந்து மலைக்கு வந்தவள்தான், முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதே பாடு. மதுரையில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. குக்கருக்குள்ளும் கீழே இருக்கும் அளவுக்குச் சூடு வராது. அதனால் மதுரையில் மூன்று விசில் விட்ட பருப்புக்கு இங்கே ஐந்தாறு தேவைப்படும். துவரம்பருப்பை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தனியாக வேகவையுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான், புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு மசியாது.

காய் குழைவதற்குக் காரணம் அதைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போடுவதுதான். கீழே லாரியில் போய்ச் சேர்ந்து வாடிய காய் வேறு, காலையில் பறித்து வந்த காய் வேறு. சந்தையில் ஒரு கேரட்டை உடைத்துப் பாருங்கள், டக்கென்று முறியும், முறிந்த இடத்தில் உடனே ஈரம் பூக்கும். அந்த ஈரத்திலேயே அது பாதி வெந்துவிடும், தண்ணீர் ஊற்றி அடித்தால் இனிப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

பச்சைப் பட்டாணி இன்னும் அவசரம். பறித்த நேரத்திலிருந்தே அதன் இனிப்பு மாவாக மாறிக்கொண்டிருக்கும், அதனால் வாங்கிய அன்றே உரித்து அன்றே சமைத்துவிட வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். உரித்த பட்டாணி ஒரு கப், கேரட் இரண்டு, கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிந்து வருகிற புது உருளைக்கிழங்கு இரண்டு. உருளையைச் சின்னதாக நறுக்கி, அடிகனமான வாணலியில் எண்ணெயில் சீரகமும் தட்டிய பூண்டு நான்கு பல்லும் போட்டு அதோடு வதக்குங்கள். பாதி வெந்ததும் கேரட், அப்புறம் பட்டாணி, உப்பு, கால் டம்ளர் தண்ணீர், மூடி போட்டுச் சின்னத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு பட்டாணியை நசுக்கிப் பாருங்கள், தோல் விட்டு வந்தால் போதும். கடைசியில் அரை ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். சாம்பார் பொடி, கரம் மசாலா எதுவும் வேண்டாம், தயவுசெய்து போடாதீர்கள். மசாலா வாடிய காய்க்குத்தான் தேவை என்பது என் அபிப்பிராயம். சூடான சோறு, ஒரு ரசம், இந்தக் கூட்டு, அவ்வளவு போதும்.

இன்னொன்று. பை நிறைய வாங்காதீர்கள். முதல் உழவர் சந்தை 1999இல் திறந்ததே உங்கள் மதுரை அண்ணா நகரில்தான், சந்தைப் பழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறை போய்க் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குங்கள். விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், எப்போது பறித்தது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கேள்வி: தனியாகத் தங்கி நானே சமைக்கிறேன். பீட்ரூட்டை இலையோடு தருகிறார்கள். இலையை என்ன செய்வது?
வாசகர், கோத்தகிரி

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி, அது நல்ல கீரை. வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிழங்கிலிருந்து திருகி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், இரண்டே நாளில் கிழங்கு தொளதொளத்துப் போகும். இலையையும் தண்டையும் பொடியாக நறுக்கி, ஊறவைத்த பாசிப்பருப்போடு, காய்ந்த மிளகாய் கிள்ளித் தாளித்து வதக்குங்கள். தண்டு முதலில், இலை கடைசியில். முள்ளங்கி இலைக்கும் இதே கதைதான், கொஞ்சம் காரல் இருக்கும், தேங்காய் சேர்த்தால் அடங்கிவிடும்.

கேள்வி: மண்ணோடு இருக்கும் கேரட் வாங்குவதா, கழுவினதா?
வாசகி, குன்னூர்

பதில்: அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் எதுவானாலும் சரி. நான்கைந்து நாள் வைக்க வேண்டுமென்றால் மண்ணோடு இருப்பதை வாங்குங்கள். இயந்திரத்தில் உருட்டிக் கழுவும்போது மேல்தோல் உரசிப்போகும், ஈரமும் தங்கும், அதனால் சீக்கிரம் வழுவழுத்துவிடும். மண் கேரட்டைக் கழுவாமல், காகிதத்தில் சுற்றிக் கூடையில் வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். உருளைக்கிழங்குக்கும் அப்படியே, ஆனால் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். பச்சை பாய்ந்திருந்தால் அந்தக் கிழங்கைச் சமைக்க வேண்டாம்.