முயலுக்கு ஆபரேஷன்: மயக்க மருந்து, வலி மருந்து பற்றிக் கேள்வி பதில்

கே: நாளை என் பெண் முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன். ராத்திரியிலிருந்தே பட்டினி போடச் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா?

ப: வேண்டாங்க. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்றுதான் நாய், பூனைக்குப் பட்டினி. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. ராத்திரி முழுக்கத் தீனி இல்லாவிட்டால் அதன் குடல் ஆபரேஷனுக்கு முன்பே மந்தமாகிவிடும். ஊசிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு தீனியை எடுத்தால் போதும். அதுவும் வாயில் புல் ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காக. இதை இன்றைக்கே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

கே: மயக்கம் கொடுத்தால் முயல் பிழைக்காது என்று பயமுறுத்துகிறார்கள்.

ப: ஆபத்து கூடுதல்தான். 2008இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில் மயக்கம் தொடர்பான சாவு நாய்க்கு 0.17 சதவீதம், பூனைக்கு 0.24, முயலுக்கு 1.39. நோயில்லாத முயல்களை மட்டும் எடுத்தால் 0.73. இறந்த முயல்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இறந்தன. அதனால் ஆபரேஷன் மேசையில் இருக்கும் நேரத்தை விட, அதற்குப் பிந்தைய மணி நேரங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

முயல் மூக்கால் மூச்சு விடும் பிராணி. வாய் குறுகல், நாக்கு பெரிது, மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்குவது கடினம். வெறும் முகமூடியில் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் மூச்சை அடக்கிக்கொள்ளும். முதலில் ஊசி போட்டு அமைதிப்படுத்துவாரா, உடம்பு சூட்டை எப்படிக் காப்பார், வலிக்கு என்ன கொடுப்பார் என்று கேளுங்கள். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் தயங்காமல் பதில் சொல்வார்.

கே: மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்தை நாய்க்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு டாக்டர் எழுதியிருக்கிறார். தப்பா?

ப: இல்லை. நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவில் கொடுப்பது முயலுக்குப் பத்தாது, 0.5 முதல் 1 வரை போகும். நீர் வற்றியிருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ அளவை டாக்டர்தான் முடிவு செய்யணும். வீட்டிலிருக்கும் மனுஷ மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கே: சத்தமே போடவில்லை. வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வேட்டைக்கு இரையாகும் பிராணி வலியைக் காட்டிக்கொள்ளாது. முகத்தைப் பாருங்கள். கண் பாதி மூடியிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், மூக்குத்துளை கூர்ந்திருக்கும், மீசை விறைக்கும், காது மடிந்து முதுகோடு சேரும். 2012இல் இந்த ஐந்தையும் வைத்தே ஒரு வலி அளவுகோல் வகுத்தார்கள். கூண்டு மூலையில் கூனிக் குறுகி, பல்லைச் சத்தமாக நறநறவென்று கடித்தால் சந்தேகமே வேண்டாம்.

கே: வீட்டுக்கு வந்து பத்து மணி நேரம் ஆகிறது. எதையும் தொடவில்லை, புழுக்கையும் இல்லை. காலை வரை பார்க்கலாமா?

ப: கூடாது. இப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். வலியால் தின்னாது, தின்னாததால் குடல் நின்றுவிடும், நின்ற குடல் இன்னும் வலிக்கும். வலி மருந்து போடாமல் சிரிஞ்சில் ஊட்டி மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தால் ஊட்டவே ஊட்டாதீர்கள், நேரே தூக்கிக்கொண்டு போங்கள். மற்றபடி காது குளிர்ந்திருந்தால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். அறுகம்புல், கொத்தமல்லித் தழை என்று அதற்குப் பிடித்ததை வாயருகே நீட்டிப் பாருங்கள்.

கே: ஆண் முயலுக்குக் கருத்தடை முடிந்தது. ஜோடியோடு எப்போது விடலாம்?

ப: ஜோடிக்குக் கருத்தடை ஆகாவிட்டால் ஆறு வாரம் கழித்து. அதுவரை குட்டி உண்டாக வாய்ப்பு உண்டு.